அஞ்சாவது பேர்

— கட்டுரையில இருக்கற அஞ்சு பேர்ல கடைசிப் பேர், தெமிர்குல் சாதிகோவ். அது நீங்கதானே ஐயா?

— நானேதான்! அடடா, ஜிபாரா, கேட்டியா? ஆலாய் மலைப் பக்கத்துல இருந்து ஒரு டாக்டரம்மா, பனியில கணவாயைத் தாண்டி, என் கட்டுரையைப் படிச்சுட்டு என்னைத் தேடி ஓஷுக்கு வந்திருக்காங்க! எங்க பல்கலைக்கழகத்துல ஒரு பயலும் அதைப் பிரிச்சுப் பாத்ததில்ல. கதவோரமா உக்காராதீங்கம்மா, மேல் பக்கமா வாங்க, அதுதான் விருந்தாளிக்கு இடம். இவ என் சம்சாரம். உங்க பேர் என்ன சொன்னீங்க?

— புருல்சா. வட்டார ஆஸ்பத்திரியில குழந்தைங்க டாக்டர்.

— எங்க சொந்த ஊரும் ஆலாய்தான், தெரியுமா?

— தெரியும்.

— பாத்தியா ஜிபாரா, அதுவும் தெரிஞ்சிருக்கு! ரொட்டிக்கு நல்ல ஜாமா எடுத்து வை. என்ன, முகம் ஒரு மாதிரி இருக்கு உனக்கு? வாசல்ல ரெண்டு பேரும் அவ்வளவு நேரம் என்ன பேசினீங்க?

— வழி கேட்டாங்க. சொன்னேன்.

— வாசலுக்கே வந்தப்புறம் என்ன வழி?

— டீ ஆறுது. குடிங்க.

— ஐயா, நான் கேக்க வந்ததைக் கேட்டுடறேன். நெஞ்சுல நீர்க்கட்டி இருக்கற நாப்பது குழந்தைங்கன்னு எழுதியிருக்கீங்க. நாய்ப்புழுவால வந்த கட்டி. கத்தியே வைக்காம மாத்திரையிலயே கரைஞ்சிருச்சு, ஒரு குழந்தை தப்பாம எல்லாரும் பொழைச்சாங்கன்னு போட்டிருக்கு. அந்தக் குழந்தைங்க எந்த ஆஸ்பத்திரி?

— சுருக்கமாச் சொன்னா, ஆராய்ச்சிங்கறது ஒரு பெரிய கடல் பாருங்க. அதுல ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு...

— இன்னிக்கு ஒரு நாளாவது சுருக்கமாவே சொல்லிடுங்க.

— நீ சும்மா இரு ஜிபாரா. படிச்சவங்க பேசிட்டிருக்கோம்.

— எந்த ஆஸ்பத்திரி ஐயா?

— அது மத்தவங்க பங்கும்மா. கூட்டு முயற்சி இல்லையா? ஒருத்தர் குழந்தையைப் பாப்பார், ஒருத்தர் கணக்குப் போடுவார், ஒருத்தர் எழுதுவார்.

— நீங்க என்ன பண்ணினீங்க?

— நான் பொதுவா... ஒரு கண்ணோட்டம் குடுத்தேன்.

— கண்ணோட்டம்.

— நான் கல்வியியல்மா. பாட்டு வெச்சு சின்னப் புள்ளைங்களுக்கு எண்ணச் சொல்லிக்குடுக்கறது எப்படிங்கறதுதான் என் துறை. அதுலயும் குழந்தைங்க, இதுலயும் குழந்தைங்க. ஒரு தொடர்பு இருக்கத்தானே செய்யுது?

— சரி. நேத்துக் காலையில இருந்து தூங்காம மத்தவங்களைப் பாத்துட்டுத்தான் இங்க வர்றேன். முதல் பேர் ஜலாலாபாத்துல இருக்கார். பாலம் கட்டறதுக்குக் கான்கிரீட் கலக்கறது பத்திப் பாடம் எடுக்கறவர். எக்ஸ்ரே படத்தைக் கையில குடுத்தேன், தலைகீழாப் பிடிச்சுக்கிட்டுத் தலையாட்டினார். எல்லாம் ரெண்டாவது பேருக்குத்தான் தெரியும்னார். ரெண்டாவது ஒரு அம்மா. கம்பளி விலை ஆராய்ச்சி. அவங்க மூணாவதைக் கைகாட்டினாங்க. மூணாவது ஆள் மல்யுத்தம் சொல்லிக்குடுக்கறார்.

— நாலாவது?

— செடிகொடி ஆராய்ச்சிக்காரர். கட்டுரை வெளிவர்றதுக்கு முந்தியே செத்துப்போயிட்டார். அவர் சம்சாரத்தைப் பாத்தேன். புருஷன் குழிக்குள்ள போனப்புறமும் எழுதிட்டிருக்கார்னு அந்தம்மாவுக்கு நான் சொல்லித்தான் தெரியும்.

— அடடா. தங்கமான மனுஷனா இருந்திருப்பார்.

— உங்களுக்குப் பழக்கமா?

— இல்ல... நேர்ல பாத்ததில்ல.

— இந்த நாலு பேர்ல யாரையாவது நேர்ல பாத்திருக்கீங்களா? ஒரு கிண்ணம் டீயாவது சேந்து குடிச்சிருக்கீங்களா?

— இப்ப எல்லாம் போன்லயே நடக்குதேம்மா.

— அப்புறம் உங்க பேரைப் போட்டுத் தேடினேன். பனியில பாலம் வெடிக்கறது பத்தின ஒரு கட்டுரையில கான்கிரீட்காரரோட இருக்கீங்க. பீட்ரூட் அழுகறது பத்தி மல்யுத்தக்காரரோட இருக்கீங்க. உங்க பாட்டுக் கட்டுரையில அந்தக் கம்பளி அம்மா இருக்காங்க.

— பல துறை இணைஞ்ச ஆராய்ச்சின்னு மேலிடத்துலயே கேக்கறாங்கம்மா. காலம் அப்படி.

— ஒருத்தரை ஒருத்தர் பாத்ததில்ல. ஆனா ஒரே குடும்பம் மாதிரி எல்லாக் கட்டுரையிலயும் சேந்து சேந்து நிக்கறீங்க.

— என்னம்மா நீங்க, சாவு சொல்ல வந்தவங்க மாதிரி சுத்திச் சுத்தி வர்றீங்க? எங்கப்பா போனப்ப அப்படித்தான். தெருப் பெரியவங்க மூணு பேர் ஒண்ணா வந்து உக்காந்தாங்க. இந்த வருஷம் வைக்கோல் எப்படி, ஆடு எப்படின்னு பேச்சு. கிண்ணம் கிண்ணமா டீ. நம்மாளுங்க போன்லயும் சொல்லமாட்டாங்க, மூஞ்சிக்கு நேராவும் சொல்லமாட்டாங்க பாருங்க. கடைசியில ஒருத்தர் தொண்டையைக் கனைச்சுக்கிட்டு... ஏய் ஜிபாரா! என்ன, கிண்ணத்தைப் போட்டு உடைக்கற?

— கை வழுக்கிருச்சு.

— புதுக் கிண்ணம்டி!

— போகட்டும். உடைஞ்சது உடைஞ்சதுதான்.

— அக்கா, சில்லு குத்திடப்போகுது. விடுங்க, நான் பொறுக்கறேன்.

— நீங்க பேசுங்க டாக்டர். வந்த வேலையைப் பாருங்க.

— சரி. ஐயா, நேராவே கேக்கறேன். அந்த இடத்தை யார்கிட்ட வாங்கினீங்க?

— எந்த இடத்தை?

— அஞ்சாவது இடத்தை.

— வீட்டுக்குள்ள வந்து உக்காந்துக்கிட்டு, என் ரொட்டியைத் தின்னுக்கிட்டு, இது என்ன பேச்சு? நான் பட்டம் வாங்கின இணைப் பேராசிரியன்மா!

— எங்கப்பா குடுத்த குதிரையை வித்து வாங்கினார்.

— ஜிபாரா!

— என்ன ஜிபாரா? நான் பக்கத்துலதானே உக்காந்திருந்தேன். போன்ல ஒருத்தன் பேசினான். ஓட்டலுக்காரன் இன்னிக்கு என்ன இருக்குன்னு சொல்ற மாதிரி சொன்னான். "கல்வியியல்ல இடம் எல்லாம் போயிருச்சு, வைத்தியத்துல கடைசி இடம் ஒண்ணு இருக்கு, பீட்ரூட்ல ஒண்ணு இருக்கு, எது வேணும்?" இவர் ரெண்டும் வேணும்னார்.

— துறையில எல்லாருமே அப்படித்தான் பண்றாங்க! தலைவரே கூப்பிட்டுச் சொன்னார், "தெமிர்குல், வெளிநாட்டுப் பத்திரிகையில பேர் வராட்டி அடுத்த வருஷம் நீ வீட்டுல உக்காந்து ஆடு மேய்க்கலாம்"னு. இருபத்தஞ்சு வருஷமாப் பாடம் எடுக்கறேன். என் பாட்டுக் கட்டுரை நானே எழுதினதும்மா, சத்தியமா. அதை எவன் போட்டான்? திருப்பித் திருப்பி அனுப்பினாங்க, அந்தக் கம்பளி அம்மா பேரையும் சேத்துக் காசு கட்டினப்புறம்தான் வந்துது. நான் பாக்காத கட்டி, நான் பாக்காத பாலம், அதெல்லாம் உடனே வந்துருச்சு. என்னை என்ன பண்ணச் சொல்றீங்க?

— கட்டுரையை நீங்க படிச்சீங்களா?

— தலைப்பைப் படிச்சேன்.

— தலைப்பை நல்லாவே படிச்சார். பட்டம் கழுவற விருந்துல எந்திரிச்சு நின்னு, நூறு பேருக்கு முன்னாடி படிச்சார்.

— அது வழக்கம்தானே! பட்டம் வந்தா சொந்தக்காரங்களைக் கூப்பிட்டுச் சாப்பாடு போட்டுக் கழுவறதுதான். ஒரு குதிரை அடிச்சோம்மா. ஆலாய்ல இருந்து எங்கக்கா அஸில்கான், அவ புள்ள, மருமக, எல்லாரும் வண்டி புடிச்சு வந்தாங்க. எனக்கு வெல்வெட்டு அங்கி போத்தி, வெள்ளைக் குல்லாய் வெச்சு... அக்கா அழுதுட்டா. ஆடு மேய்ச்சவன் மகன், என் தம்பி, புள்ளைங்க நெஞ்சுல இருக்கற கட்டியைக் கத்தியில்லாம கரைக்கக் கண்டுபுடிச்சிருக்கான்னு அழுதா.

— நீங்க என்ன சொன்னீங்க?

— அத்தனை பேருக்கு முன்னாடி என்னம்மா சொல்றது? நான் இல்ல, கான்கிரீட்காரர் கண்டுபுடிச்சார்னா? அக்கா பேரன் என் மடியில உக்காந்திருந்தான். ஆலிம்பெக். பேர் நான் வெச்சதுதான், அவன் பொறந்தப்ப காதுல மூணு தரம் சொல்லி. ஆலிம்னா படிச்சவன். எங்க வம்சத்துல யார் வீட்டுல புள்ள பொறந்தாலும் பேர் வைக்க என்னைத்தான் கூப்பிடுவாங்க, வீட்டுல படிச்சவன் நான் ஒருத்தன்தானே.

— டாக்டர், இன்னும் கொஞ்சம் டீ ஊத்தட்டுமா?

— போதுங்கக்கா.

— எனக்கு ஊத்து. அதுக்கப்புறம் ஊர்ல என்னை விடறதில்லம்மா. யாருக்குக் கட்டி வந்தாலும் எக்ஸ்ரே படத்தைப் போன்ல எனக்கு அனுப்பிடறாங்க. கத்தியா மாத்திரையான்னு கேள்வி. யாரு உக்காந்து அதையெல்லாம் பாக்கறது? கறுப்பா ஒண்ணு வெள்ளையா ஒண்ணு, எனக்கு என்ன புரியும்? கட்டைவிரல் பொம்மை ஒண்ணு இருக்கே, அதைத் தட்டி விட்டுடுவேன். அவங்களுக்கும் சந்தோஷம், எனக்கும் வேலை முடிஞ்சுது. ஆனா இன்னிக்கு அதிசயமா ஊர்ல இருந்து ஒரு போனும் இல்ல. வழக்கமா அக்காவே பத்துத் தரம் அடிப்பா. கோவமோ என்னமோ.

— இருக்கும்.

— என்ன இருக்கும்?

— கோவம் இருக்கும்னேன்.

— நீ ஏன் ஜிபாரா அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டே பேசற?

— ஐயா, இங்க பாருங்க. என்னைப் பாருங்க. ஒரு பையன். இந்த வருஷம்தான் பள்ளிக்கூடம் சேந்தான். பள்ளிக்கூடம் திறந்து முதல் மணி அடிக்கற அன்னிக்குப் பெரிய வகுப்புப் பையன் புதுப் புள்ளையைத் தோள்ல தூக்கிட்டுச் சுத்துவானே, அப்படிச் சுத்தினப்ப இருமல் வந்துருக்கு. நிக்கல. எங்கிட்டக் கூட்டிட்டு வந்தாங்க. படம் எடுத்தேன். வலது நெஞ்சுல நல்லாப் பழுத்த ஆப்பிள் அளவு கட்டி. நான் சொன்னேன், இது கத்திதான், நாளைக்கே ஓஷுக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு.

— நல்லது. சரியாத்தான் சொல்லியிருக்கீங்க.

— அவன் பாட்டி மாட்டேன்னுட்டாங்க. புள்ள நெஞ்சை அறுக்க விடமாட்டேன், மாத்திரை போதும்னு படிச்சவங்களே எழுதியிருக்காங்கன்னாங்க. நான் சத்தம் போட்டேன். எங்க பெரிய டாக்டர்கிட்டப் போனாங்க. அவர் விதிமுறைப் புத்தகத்தை எடுத்துக் காட்டினார். மேலிடத்துல இருந்து புதுசா வந்தது. குழந்தைங்களுக்கு முதல்ல மாத்திரைன்னு போட்டு, கீழ மூணு கட்டுரையை ஆதாரம்னு குறிச்சிருக்காங்க. அதுல ஒண்ணு உங்களது. "புருல்சா, மூணு ஆராய்ச்சி சொல்லுது. நீ யாரு?"ன்னார்.

— மூணு இருக்கே! அப்புறம் என்னை மட்டும் ஏம்மா கேக்கறீங்க? மத்த ரெண்டையும் போய்க் கேளுங்க.

— தேடிப் படிச்சேன். உங்க கட்டுரை, இது ஏற்கெனவே நிரூபிச்சாச்சுன்னு ரெண்டாவதைக் காட்டுது. ரெண்டாவது மூணாவதைக் காட்டுது. மூணாவது, உங்களதைக் காட்டுது.

— அப்போ குழந்தையை முதல்ல பாத்தது யாரு டாக்டர்?

— யாருமில்லக்கா. மூணுலயும் அதே நாப்பது. குழந்தையே இல்ல. ஒருத்தர் பேர் மேல ஒருத்தர் சாஞ்சுக்கிட்டு நிக்கறாங்க, நடுவுல ஒண்ணுமே இல்ல.

— சுருக்கமாச் சொன்னா, அந்தப் பையனுக்கு... இப்போ எப்படி இருக்கு?

— மாத்திரை குடுத்தேன். நானே என் கையால குடுத்தேன். கட்டி கரையல, இளகிருச்சு. நேத்து விடியக்காலம் இருமினான். உள்ளேயே வெடிச்சிருச்சு. தன் நெஞ்சுத் தண்ணியிலயே மூச்சு முட்டி... நான் பக்கத்துலதான் இருந்தேன். என் சட்டையைப் புடிச்சுக்கிட்டே போனான் ஐயா. இதோ, இந்தக் கையை.

— அடடா. அடடா... கடவுள் சித்தம்மா. குடுத்தவன் எடுத்துக்கறான். பெத்தவங்களுக்கு அவன்தான் பொறுமை குடுக்கணும். ரொட்டி எடுத்துக்கோங்க.

— அவ்வளவுதானா?

— வேற என்ன சொல்றது? மனசு கஷ்டமாத்தான் இருக்கு. ஊர்ல நாய்க்கு ஆட்டு ஈரலைப் போடாதீங்கன்னு எத்தனை தரம் சொன்னாலும் கேக்கறதில்ல. கட்டி கட்டியாப் புழு இருக்கும், அப்படியே தூக்கி வீசறது. அந்த நாயைக் கொஞ்சின கையோட புள்ளைங்க சாப்பிடறது.

— நீங்க இப்போ அந்த நாயையா திட்டறீங்க?

— ஜிபாரா, பொதுவாச் சொல்றேன்.

— ஐயா, நான் அந்தப் பையனுக்காகப் பேச வரல. அவன் போயிட்டான். அவன் பக்கத்துக் கட்டில்ல ஒரு பொண்ணு இருக்கு. அதே கட்டி, அதே மாத்திரை. பையனும் அதுவும் கட்டிலுக்குக் கட்டில் ஆட்டு எலும்பு உருட்டி விளையாடிட்டிருந்தாங்க. அவன் எங்கன்னு என்னைக் கேட்டுது, வீட்டுக்குப் போயிட்டான்னேன். அதோட அப்பன் இன்னும் கத்தி வேண்டாங்கறான். நான் சொன்னா, "டாக்டரம்மா தன் கைத்தப்பை மறைக்கறா"ங்கறான். எங்க பெரிய டாக்டரும் அதையேதான் சொல்றார். புத்தகத்துல தப்பு இல்லையாம், என் கையில தப்பாம்.

— அப்போ உங்க மேல பழி வராம இருக்கறதுக்குத்தான்...

— என் மேல வரட்டும். மாத்திரை குடுத்த கை என் கைதான், ஜெயில்ல போட்டாலும் போறேன். இந்தப் பேப்பர்ல ஒரு கையெழுத்துப் போடுங்க. நான் எந்தக் குழந்தையையும் பாக்கல, எனக்குத் தெரிஞ்சு யாரும் பாக்கல, என் பேரை எடுத்துடுங்க, இந்தக் கட்டுரையை நம்பாதீங்க. இவ்வளவுதான் எழுதியிருக்கு. டாக்டர் சொன்னாக் கேக்கமாட்டாங்க. எழுதினவரே சொன்னா அந்த அப்பன் கேட்டுத்தான் ஆகணும், மேலிடமும் கேட்டுத்தான் ஆகணும்.

— மத்தவங்க போட்டாங்களா?

— கான்கிரீட்காரர், கம்பளி அம்மா போட்டாப் போடறேன்னார். அந்தம்மா, மல்யுத்தக்காரர் போட்டாப் போடறேன்னாங்க. அவர், முதல் பேர் போடட்டும்னார். நாலாவது ஆளால முடியாது.

— அப்போ நான் மட்டும் எதுக்கும்மா கழுத்தை நீட்டணும்?

— பேனா இந்தாங்க. போடுங்க.

— நீ ஒருத்தி! போட்டா என்ன ஆகும்னு தெரியுமாடி உனக்கு? பட்டம் போகும். பட்டம் போனா வேலை போகும். ஊர்ப் பள்ளிக்கூடத்துச் சுவத்துல என் படம் மாட்டியிருக்கு, அதைக் கழட்டுவாங்க. கழுவின பட்டத்தைக் கழட்டிட்டு நிக்கறதை நூறு பேர் பாப்பாங்க. எங்கக்கா முகத்துல நான் எப்படி முழிப்பேன்?

— எப்படி முழிப்பீங்க. அதைத்தான் நானும் யோசிச்சிட்டிருக்கேன்.

— டாக்டரம்மா, ஒண்ணு பண்ணலாம். கொஞ்சம் மென்மையா எழுதலாம். "இது குறித்து மேலும் ஆராய வேண்டியுள்ளது." எப்படி? கௌரவமா இருக்கும், உங்களுக்கும் உதவும்.

— அந்தப் பொண்ணோட அப்பன் அதைப் படிச்சுட்டு மாத்திரையைத் தொடர்ந்து குடுப்பான்.

— இல்ல, "சில நேர்வுகளில்"னு ஒரு வார்த்தை சேத்து...

— அதுக்கு வார்த்தை தேடற நேரம் இல்ல ஐயா. நான் கிளம்பறப்பவே இருமிட்டிருந்துது.

— டாக்டர், போதும். சொல்லிடுங்க இவர்கிட்ட.

— இல்லக்கா. பெரியவங்க வரட்டும்னு நீங்கதானே சொன்னீங்க. அவங்க வர்றதுக்குள்ள இவர் போட்டாத்தான் அது கையெழுத்து. அப்புறம் போட்டா, துக்கத்துல என்னமோ கிறுக்கினார்னு மேலிடத்துல தூக்கிப் போட்டுடுவாங்க. யாரோ பெத்த புள்ளைக்காக இவர் போடணும்.

— என்ன சொல்லணும்? எந்தப் பெரியவங்க? ஜிபாரா, என்ன இது, ரெண்டு பேரும் கண்ணால பேசிக்கறீங்க?

— கையெழுத்துப் போடுங்க.

— போடமுடியாது! யார் வீட்டுப் புள்ளையோ இருமினதுக்கு நான் தெருவுல நிக்கணுமா? அந்தப் பாட்டிக்கு எங்க போச்சு புத்தி? டாக்டர் நேர்ல நின்னு கத்தின்னு சொல்றாங்க, எங்கயோ பத்திரிகையில வந்ததை நம்புவாளா ஒருத்தி?

— அவங்க பத்திரிகையை நம்பல ஐயா. அந்தப் பாட்டிக்கு வெளிநாட்டுப் பத்திரிகையெல்லாம் என்ன தெரியும்?

— பின்ன?

— போனை என் மூஞ்சிக்கு நேராப் புடிச்சாங்க. நான் எடுத்த அதே எக்ஸ்ரே படம், அதுக்குக் கீழ ஒரு கேள்வி. "கத்தியா, மாத்திரையா?" அதுக்குக் கீழ பதில் வந்திருந்துது.

— என்ன பதில்?

— கட்டைவிரல்.

— கட்டைவிரலா?

— "படம் பாத்து அவனே சரின்னுட்டான். நீ சின்னப் பொண்ணு, உனக்கு என்ன தெரியும்?"னாங்க.

— கட்டைவிரலை எல்லாரும்தான் அனுப்பறாங்க. எத்தனையோ பேர் அனுப்பறாங்க. ஜிபாரா, என் போன் எங்க?

— அலமாரி மேல இருக்கு. நீங்க கையெழுத்துப் போடற வரைக்கும் தரமாட்டேன்.

— அக்கா ஏன் இன்னிக்குப் போன் பண்ணல?

— பேனா உங்க கையிலதான் இருக்கு.

— நேத்தும் பண்ணல. நேத்தும் பண்ணலயே ஜிபாரா. ஊர்ல இருந்து ஒருத்தர்கூடப் பண்ணல.

— ஐயா, அந்தப் பொண்ணு இன்னும் உசிரோட இருக்கு. அதை மட்டும் நெனைச்சுக்கோங்க. இங்க, இந்த இடத்துல.

— வெளிய என்ன சத்தம்? யார் அது? எதிர்வீட்டுப் பெரியவரா? அவர் பின்னாடி தொழுகைக்குப் போறவங்க எல்லாம்... ஏன் எல்லாரும் இந்தப் பக்கமா வர்றாங்க? மணி மூணுகூட ஆகல, தொழுகைக்கு இன்னும் நேரம் இருக்கே. ஜிபாரா, கதவைத் திறக்காத. வைக்கோல் பத்திக் கேப்பாங்க. திறக்காத!

— திறக்கல. நீங்க போடுங்க. அவங்க உள்ள வர்றதுக்கு முன்னாடி போடுங்க, என் ராசா. அந்தப் பொண்ணுக்காகப் போடுங்க.

— போடறேன். எங்க? இங்கதானே? புடிச்சுக்கோ பேப்பரை. தெமிர்குல்... சாதிகோவ். போட்டுட்டேன். பாருங்கம்மா, நல்லாப் பாருங்க, யாரோ பெத்த புள்ளைக்காகப் போட்டுட்டேன். நீங்க கேட்ட மாதிரியே போட்டுட்டேன்.

— பாத்தேன் ஐயா. தெளிவா இருக்கு. அந்த அப்பனுக்கு இப்பவே படம் புடிச்சு அனுப்பறேன்.

— அப்போ அது யாரோ புள்ளதானே? டாக்டரம்மா? நான் போட்டுட்டேனே. இப்போ சொல்லுங்க, அந்தப் பையன் பேர் என்ன?

— எந்திரிங்க. அங்கியை எடுத்துப் போட்டுக்கோங்க, துக்கத்துக்கு இடுப்புல கச்சையைக் கட்டுங்க. பெரியவங்க வாசல்ல நிக்கறாங்க, ஊர்ல அடக்கத்துக்கு நமக்காகக் காத்திட்டிருக்காங்க. அந்தப் பேரை அவன் காதுல மூணு தரம் சொன்னதே நீங்கதான்.